இரண்டே டிராக்கில் மூன்று இசை: புளூகிராஸ் கேள்வி பதில்

போன இதழில் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’ ஆல்பத்தை அறிமுகம் செய்திருந்தோம். 1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், உட்லண்ட் ஸ்டுடியோவில் பதிவாகி, 1972இல் மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்த ஆல்பம். கேட்டுவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். கொயர் நடத்துகிறவர்கள், வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள், பாஞ்சோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தை வாங்கிவிட்டுச் சுருதி நிற்காமல் திணறுகிறவர்கள் என்று பல பக்கத்திலிருந்தும் கேள்விகள். பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: புளூகிராஸ், கன்ட்ரி, காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) மூன்றும் அந்த ஆல்பத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே கேட்கிறது. எதை வைத்துப் பிரித்தறிவது? (வாசகர், நாகர்கோவில்)

கிட்டார், ஃபிடில் (வயலின்), பாஞ்சோ, மாண்டலின், பேஸ் என்று மூன்றிலும் ஏறக்குறைய அதே வாத்தியங்கள் வருவதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். என்ன வாத்தியம் என்று பார்க்காதீர்கள். அது அந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள்.

புளூகிராஸில் வாத்தியங்கள் முறைவைத்து முன்னால் வரும். பாடகர் ஒரு சரணம் முடித்ததும் பாஞ்சோ ஒரு சுற்று வாசிக்கும், அடுத்த சரணம் முடிந்ததும் ஃபிடில், பிறகு மாண்டலின். முன்னால் வராத வாத்தியம் சும்மா இருக்காது. பேஸ் 1, 3 ஆகிய தட்டுகளில் விழும். மாண்டலின் 2, 4இல் ‘சக்’ என்று வெட்டும். குரல்கள் மேல் ஸ்தாயியில் இறுக்கமாக நிற்கும். இந்த அமைப்புக்கு வழி போட்டவர் கென்டக்கி மாநிலத்துக்காரரான பில் மன்றோ. 1939இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி மேடைக்கு வந்த அவருடைய குழுவின் பெயர் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’. இசைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு 1945இல் அந்தக் குழுவில் சேர்ந்தார். அவரை வைத்து 1946 செப்டம்பரில் சிகாகோவில் செய்த பதிவுகளில் இன்று நாம் புளூகிராஸ் என்று கேட்பது முழு உருவத்தோடு இருக்கிறது.

கன்ட்ரியில் பாடகரும் கதையும்தான் முதலில். வாத்தியங்கள் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த ஆல்பத்தில் ராய் அகஃப் பாடுவதையும், மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலில் பேஸ் ஓட்டிக்கொண்டே பாடுவதையும் கேளுங்கள். மதர் மேபெல் கார்ட்டரின் கிட்டாரை மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்கச் சொல்வேன். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் மெட்டை எடுக்கும், ஆள்காட்டி விரல் மேல்தந்திகளை வருடிக் கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டைத் தரும். மெட்டும் பக்கவாத்தியமும் ஒரே கையில். கன்ட்ரி கிட்டார் வாசிப்பில் பாதி அந்தக் கையிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

காஸ்பல் வருகிற இடத்தில் குரல்கள் அடுக்காக எழும். பல்லவியில் அடிக்குரல் தனியாக ஒரு பதில் சொல்லும், மற்றவர்கள் அதன் மேல் சொற்களை நீட்டிப் பிடிப்பார்கள். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பாட்டுப் பள்ளிகளில் வடிவச் சுரக்குறி (ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம்) வைத்துச் சொல்லிக்கொடுத்த வழக்கம் இது. டென்னசியில் லாரன்ஸ்பர்க் ஊரில் ஜேம்ஸ் டி. வான் என்ற பதிப்பாளர் தன் பாட்டுப் புத்தகங்களை விற்க 1910இல் நான்கு ஆண்களைக் கொண்ட குழுவை ஊர் ஊராக அனுப்பினார். நால்வர் பாட்டு வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கறுப்பின நால்வர் குழுக்களின் தாள நடையும் பதில் பாட்டும் இதில் ஆழமாகக் கலந்திருக்கின்றன.

மூன்றும் ஒன்றாவதை ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலேயே பார்க்கலாம். 1907இல் ஏடா ஹேபர்ஷன் எழுதி, சார்லஸ் கேப்ரியல் மெட்டமைத்த கீர்த்தனை அது. ஏ. பி. கார்ட்டர் பல்லவியை வைத்துக்கொண்டு, சரணங்களில் தாயின் சவ ஊர்வலத்தைப் பார்த்து நிற்கும் மகனை நிறுத்தினார். கார்ட்டர் குடும்பம் அதை 1935இல் பதிவு செய்தது. சர்க்கிள் ஆல்பத்தில் அந்தச் சரணங்களை ஒவ்வொருவராகப் பாட, பல்லவியில் எல்லோரும் சேருகிறார்கள். பல்லவி கோயிலிலிருந்து வந்தது, சரணம் கன்ட்ரி, நடுவில் வாத்தியங்கள் முறைவைத்து முன்வருவது புளூகிராஸ். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் மற்ற பாட்டுகளிலும் எது எங்கே என்று பிடிபடும்.

கேள்வி: புளூகிராஸ் குழுக்கள் காஸ்பல் பாட்டு எடுக்கும்போது பாஞ்சோ காணாமல் போய்விடுகிறதே, ஏன்? (வாசகி, தூத்துக்குடி)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மன்றோ காலத்திலிருந்தே உள்ள பழக்கம் இது. பக்திப் பாட்டு என்றால் குழு ‘புளூ கிராஸ் குவார்டெட்’ ஆகிவிடும். நான்கு குரல்களுக்குப் பக்கபலமாக மாண்டலினும் கிட்டாருமே பெரும்பாலும் இருக்கும். ஸ்க்ரக்ஸ் பிறகு லெஸ்டர் ஃப்ளாட்டோடு தனிக்குழு நடத்தியபோதும், காஸ்பல் என்றால் பாஞ்சோவை வைத்துவிட்டு விரலால் கிட்டார் வாசிப்பார்.

காரணம் ஒலியில் இருக்கிறது. பாஞ்சோவின் ஒவ்வொரு சுரமும் சட்டென்று எழும்பி உடனே அடங்கும். அந்த எழும்பும் முனை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் பலமாக விழுகிறது. நம் காது வல்லின மெய்களைப் பிரித்தறிவதும் அதே பகுதியில்தான். ஒரு குரல் என்றால் பாடகர் மைக்கை நெருங்கிச் சமாளித்துவிடுவார். நான்கு குரல் ஒன்றாக ஒரு சொல்லை நீட்டும்போது, பாஞ்சோ நொடிக்குப் பத்துச் சுரம் கொட்டினால் சொல்லே புரியாது. காஸ்பலில் சொல் புரியாவிட்டால் பாட்டே இல்லை.

ரால்ஃப் ஸ்டான்லி இன்னும் ஒரு படி போய், 1970களின் தொடக்கத்தில் வாத்தியமே இல்லாத நால்வர் பாட்டைப் புளூகிராஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று காஸ்பல் பாடும் பல புளூகிராஸ் ஆல்பங்களில் அப்படி ஒரு பாட்டாவது இருக்கும்.

உங்கள் குழுவில் பாஞ்சோக்காரர் ஒதுங்க மனமில்லாமல் இருந்தால், சரணத்தில் நிறுத்திவிட்டு, குரல் ஓய்ந்த இடத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். பல்லவியில் வாசித்தே ஆக வேண்டுமென்றால் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கம் மீட்டாமல் கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டட்டும். முனை மழுங்கி ஒலி உருண்டையாகும்.

கேள்வி: எங்கள் ஆலய கொயரில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பாடிப் பழக்கம். புளூகிராஸ் மூன்று குரலை எடுத்துப் பார்த்தால் எங்கள் பாட்டு பாமாலை போலவே ஒலிக்கிறது, அந்த இறுக்கம் வரவில்லை. குரல்களை எப்படி அடுக்குகிறார்கள்? (கொயர் மாஸ்டர், பாளையங்கோட்டை)

முக்கியமான வேறுபாடு, மெட்டு இருக்கும் இடம். பாமாலையில் மெட்டு உச்சிக்குரலில் இருக்கிறது. புளூகிராஸில் மெட்டு நடுவில். அதைப் பாடுபவர் லீட். அவருக்கு மேலே டெனர், கீழே பாரிட்டோன். நால்வர் என்றால் எல்லோருக்கும் அடியில் பேஸ். மூன்று குரலும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும். அந்த இறுக்கம் அதனால் வருகிறது. உங்கள் கொயர் பழக்கத்தில் ஆண் குரல்களை அகலமாகப் பரப்பியிருப்பீர்கள். முதலில் அதைச் சுருக்குங்கள்.

உங்களுக்குச் சுரம் தெரியும் என்பதால் சுரத்திலேயே சொல்கிறோம். சங்கராபரணத்தின் சுரங்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டு ச–க–ப. அதில்:

லீட் ச பாடினால், டெனர் மேலே க, பாரிட்டோன் கீழே மந்திர ப.
லீட் க பாடினால், டெனர் ப, பாரிட்டோன் ச.
லீட் ப பாடினால், டெனர் மேல் ச, பாரிட்டோன் க.

மூன்று பேரும் கார்டின் மூன்று சுரங்களையும் எப்போதும் பங்கிட்டுக்கொள்வதைக் கவனியுங்கள். இருவர் ஒரே சுரத்தில் விழுந்தால் அடுக்கில் ஓட்டை விழும், கேட்கிறவர்களுக்கு உடனே தெரியும்.

இப்போது, லீட் ஒரே ச–வை நீட்டிப் பிடிக்க, கார்டு மட்டும் முதலாவதிலிருந்து நான்காவதுக்கு (ம–த–ச) போய்த் திரும்புகிறது என்று வையுங்கள். டெனர் க–ம–க என்று போவார். பாரிட்டோன் ப–த–ப. லீட் அசையவே மாட்டார். வரி முடிகிற இடங்களில் உங்களுக்குச் சிலிர்ப்பு வருவது பெரும்பாலும் இந்த அசைவால்தான். மூன்று பேரை நிறுத்தி இதை மட்டும் பத்து நிமிடம் ‘ஆ’ என்று பாடவையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வளரும்.

ஐந்தாம் கார்டு ப–நி–ரி. லீட் ரி–யில் நின்றால் டெனர் ப, பாரிட்டோன் மந்திர நி. ஏழாம் சுரம் சேர்ந்த கார்டாக இருந்தால் டெனர் ம எடுக்கலாம். அது க–வுக்கு இறங்கத் துடிக்கும், அடுத்த கார்டுக்கு நல்ல வழி.

பாரிட்டோன் பாடுபவர் தேர்வில்தான் பல குழுக்கள் தவறுகின்றன. மெட்டு பாடத் தெரியாதவரைப் பாரிட்டோனில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் மூன்றில் கடினமானது அதுதான். டெனர் மெட்டின் வடிவத்தோடே கூடப் போவார். பாரிட்டோனின் வரி தனியாகப் பாடினால் பாட்டாகவே தோன்றாது. ஒரே சுரத்தில் நின்று திடீரென்று தாவும். நல்ல சுரஞானம் உள்ளவரை அங்கே நிறுத்துங்கள்.

க–வின் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீபோர்டின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவில் தானாகக் கேட்கிறதே அந்தர காந்தாரம், அதுதான் இந்த அடுக்கில் உட்கார வேண்டிய இடம். கீபோர்டை வைத்தே ஒத்திகை பார்க்கும் கொயர்களில் டெனரின் க எப்போதும் சற்றே மேலே நிற்கும், அடுக்கு பூட்டிக்கொள்ளாது. கீபோர்டை மூடிவிட்டு ச மட்டும் கொடுத்துப் பாடவையுங்கள்.

கடைசியாக மெய்யெழுத்து. மூன்று பேரும் ‘ஸ்’ என்று முடித்தால் மூன்று சீறல் கேட்கும். லீட் மட்டும் முடிவு மெய்யைச் சொல்லட்டும், மற்ற இருவரும் உயிர் ஒலியோடு நிறுத்திவிடட்டும். மூச்சு எடுக்கும் இடமும் மூவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண் குரல் லீடாக இருந்தால், இதே அடுக்கில் லீடை உச்சிக்கு ஏற்றி, டெனர் வரியையும் பாரிட்டோன் வரியையும் அவருக்குக் கீழே வைக்கலாம். இதற்கு ‘ஹை லீட்’ என்று பெயர். ஆஸ்போர்ன் பிரதர்ஸ் 1950களில் பிரபலமாக்கிய முறை. அவர்களிடம் உச்சியில் நின்றது ஆண் குரல்.

கேள்வி: டிரம் ஏன் இல்லை? (வாசகர், சேலம்)

மாண்டலினின் வெட்டும் பேஸின் தட்டுமே தாளத்தைப் பிடித்துவிடுகின்றன. டிரம் வந்தால் மாண்டலினுக்கு வேலை போய்விடும். விலக்குகள் உண்டு. மேலே சொன்ன ஆஸ்போர்ன் பிரதர்ஸ் 1960களில் டிரம்மும் மின்வாத்தியமும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். அதற்கு எதிர்ப்பும் வந்தது, புதுக் கேட்பாளர்களும் வந்தார்கள்.

கேள்வி: மாண்டலின் என்றால் எனக்கு யு. ஸ்ரீனிவாஸ்தான். அதே வாத்தியமா இது? என்னிடம் உள்ள ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் அந்தச் ‘சக்’ வெட்டு வருமா? (வாசகர், ராஜமுந்திரி)

பெயர் ஒன்று, உடல் வேறு. ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்வாத்தியம். கமகத்துக்குத் தந்தியை இழுக்க ஒற்றைத் தந்தி தேவை, சுரம் நீடிக்க மின்சாரம் தேவை. புளூகிராஸ் மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. சுருதி வயலின் போலவே ஜி–டி–ஏ–இ. வளைந்த மேற்பலகை, வயலின் போல எஃப் வடிவத் துளைகள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 13⅞ அங்குலம். மன்றோ 1940களிலிருந்து கடைசி வரை வைத்திருந்தது 1923இல் செய்த கிப்சன் எஃப்–5. கிப்சன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்திட்ட வாத்தியம். இப்போது நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

உங்கள் வாத்தியத்தில் அந்த வெட்டு வராது. சுரம் நீள்வதற்காகவே செய்யப்பட்ட வாத்தியத்திடம் சுரத்தை அறுக்கச் சொல்கிறீர்கள். சாதாரண எட்டுத் தந்தி அக்கூஸ்டிக் மாண்டலின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மீடியம் தந்திகள் போடுங்கள்: 0.011, 0.015, 0.026, 0.040 அங்குலம். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஜி கார்டின் வெட்டுப் பிடி இது: தடித்த ஜோடியிலிருந்து மெல்லியதை நோக்கி 7, 5, 2, 3ஆம் ஃப்ரெட்டுகள் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிகள்). நான்கு விரலும் வேலை செய்யும். திறந்த தந்தி ஒன்றும் இல்லாததால், இதை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் மற்ற கார்டுகள் கிடைக்கும். வலக்கை 2, 4ஆம் தட்டில் ஒரே வீச்சாகக் கீழ்நோக்கி அடிக்கும். அடித்த அடுத்த கணமே இடக்கை விரல்களின் அழுத்தத்தை விட வேண்டும். ஆனால் விரல் தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். அழுத்தத்தை விடத் தாமதித்தால் கார்டு மணியடித்தபடி நீளும். விரலைத் தந்தியிலிருந்தே எடுத்துவிட்டால் திறந்த தந்திகள் அதிரும். புதிதாகக் கற்பவர்கள் சத்தம் போதவில்லை என்று வலக்கையை ஓங்குவார்கள். அப்போது தட்டு முந்திப் போகும். கோளாறு பெரும்பாலும் இடக்கையில்தான்.

கேள்வி: மூன்று தட்டு ஆல்பத்தை ஆறே நாளில் முடித்ததாக எழுதியிருந்தீர்கள். அது எப்படி முடிந்தது? எங்கள் குழு ஐந்து பேர். 12க்கு 14 அடி அறை, ஒரு நல்ல கண்டென்சர் மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப். இதில் அந்த மாதிரி எடுக்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

முடியும். அந்த ஆல்பத்தை வில்லியம் மெக்யூவன் நேரடியாக இரண்டு டிராக் நாடாவில் எடுத்தார். பாடும்போதே, வாசிக்கும்போதே மிக்ஸரில் சமன் செய்து, இடது வலது இரண்டும் நாடாவில் ஏறிவிடும். பிறகு ஃபிடிலைக் குறைக்கவோ குரலை ஏற்றவோ வழியே இல்லை. பல பாட்டுகள் முதல் அல்லது இரண்டாம் முயற்சியிலேயே முடிந்தன. எர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், ஜிம்மி மார்ட்டின், வாசர் கிளெமென்ட்ஸ், பேஸில் ஜூனியர் ஹஸ்கி என்று இருந்தவர்கள் எல்லோரும் எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே தன் ஒலியை அடக்கவும் உயர்த்தவும் தெரிந்தவர்கள். பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொள்வதும் நாடாவில் இருக்கிறது. டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் முதல்முறையாகச் சந்தித்ததே அங்கேதான், அந்தப் பேச்சும் ஆல்பத்தில் உண்டு. வாட்சன் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்திருந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள்.

உங்கள் அறைக்கு வருவோம். ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும் முறையே உங்களுக்குப் பொருந்தும். டெல் மெக்கூரி பேண்ட் மேடையிலேயே அப்படி ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடிப் பெயர் வாங்கியது.

அறையை முதலில் கவனியுங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருந்தால் பாஞ்சோ ஒலி தகரம் போல் எதிரொலிக்கும். ஒரு சுவரில் கனமான போர்வை இரண்டு தொங்கவிடுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். நான்கு சுவரையும் மூடாதீர்கள், குரல் செத்துப்போகும். ஏசியை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டு, பதிவின்போது நிறுத்துங்கள். வாத்தியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது அந்த அறையில் வைத்த பிறகே சுருதி சேருங்கள்.

மைக்கைக் கார்டியாய்டு நிலையில் (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் நிலை), தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் நிறுத்துங்கள். வாயும் வாத்தியமும் அதன் பார்வையில் விழ வேண்டும். லேசாகக் கீழே சாய்த்தால் சரியாக வரும். அறையின் நட்டநடுவில் வைக்க வேண்டாம், பேஸ் அங்கே தேய்ந்துபோகும். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். குழு அரைவட்டமாக நிற்கட்டும். குரல்கள் ஒன்றரை அடி தூரத்தில். கிட்டாரும் மாண்டலினும் பாடுபவர்கள் கையிலேயே இருக்கும். பாஞ்சோ மூன்றடிக்குப் பின்னால். பேஸ் நான்கைந்து அடி, ஆனால் மூலையை ஒட்டாமல். மூலையில் நின்றால் ஒன்றிரண்டு சுரம் மட்டும் உறுமும், மற்றவை காணாது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிகச் சத்தமான இடத்தில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெய்ன் வைத்துவிட்டு, அதைத் தொடுவதை மறந்துவிடுங்கள். அரை நிமிடம் பதிவு செய்து எல்லோரும் கேளுங்கள். பாஞ்சோ கூடுதலா? பாஞ்சோக்காரர் அரை அடி பின்னால் போகட்டும். பாரிட்டோன் கேட்கவில்லையா? அவர் நாலு அங்குலம் முன்னால் வரட்டும். சரியான இடம் கிடைத்ததும் ஒவ்வொருவர் காலடியிலும் டேப் ஒட்டுங்கள். தனி வாசிப்புக்கு முன்னால் வருபவர் எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகத் திரும்புவார் என்று ஒத்திகை பாருங்கள். இல்லாவிட்டால் ஃபிடில் வில் மைக் ஸ்டாண்டில் மோதும்.

ஹெட்ஃபோன் வேண்டாம். ஹெட்ஃபோனில் ஒவ்வொருவரும் தன்னையே தேடுவார்கள், கிடைக்காவிட்டால் உரக்க வாசிப்பார்கள். கிளிக் டிராக்கும் வேண்டாம். ஆனால் தொடங்கும் முன் வேகத்தை மெட்ரோனோமில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முயற்சிகளை ஒட்ட வேண்டி வந்தால், இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால்தான் ஒட்டும். வெட்டுகிற இடம், எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடமாகவோ பாடகர் மூச்சு எடுக்கும் முன்போ இருக்கட்டும். சுரம் நீளும்போது வெட்டினால் முந்தைய சுரத்தின் வால் அறுபடுவது கேட்கும்.

மிக்ஸிங்கில் செய்ய அதிகம் இராது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கம்ப்ரஷன் 2:1, அதிகபட்சம் 2 டெசிபல் அடங்கினால் போதும். அதற்கு மேல் போனால் பாஞ்சோவின் ஒவ்வொரு அடியும் குரலைக் கீழே தள்ளும். அப்படித் தள்ளுகிறது என்றால், அது நிற்கும் இடத்தில் உள்ள கோளாறு, திரும்ப எடுங்கள்.

ஒரு வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்து எடுக்க ஆசைப்பட்டால் 3:1 விதியை விடாதீர்கள். வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் ஒரு அடி என்றால், பக்கத்து மைக் மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். 12க்கு 14 அடி அறையில் ஐந்து பேருக்கு அது கிடைப்பது கடினம். அதனால்தான் ஒரே மைக்கைச் சொன்னோம்.

கேள்வி: பாஞ்சோவில் கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் பிடி) போட்டு 7 கட்டையில் வாசித்தால் ஐந்தாவது தந்தி மட்டும் அபசுரமாக ஒலிக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி தப்புகிறது. வாத்தியமே சரியில்லையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டு தனிக் கோளாறுகள். இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

ஐந்தாம் தந்தி ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குகிறது. கேப்போ அதை எட்டாது. திறந்த சுருதி ஜி, அதாவது 5 கட்டை. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு 6 கட்டைக்குப் போனால் ஐந்தாம் தந்தி 7ஆம் ஃப்ரெட்டில் அழுந்த வேண்டும். நான்காம் ஃப்ரெட்டில் போட்டு 7 கட்டைக்குப் போனால் 9ஆம் ஃப்ரெட்டில். இதற்காக விரல்பலகையில் சின்னக் கொக்கி ஆணி அடிப்பார்கள். எச்–ஓ அளவு மாடல் ரயில் தண்டவாளத்துக்கு விற்கும் ஆணிதான் அது. ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்பக்கம், தந்தி அதன் அடியில் நுழைகிற அளவு உயரத்தில். முன்கூட்டி நுண்ணிய துளை போடாமல் அடித்தால் விரல்பலகை விரியும், ஆகவே வாத்தியம் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். கொக்கியில் மாட்டினால் தந்தி லேசாக ஏறும்; சுருதியை ஒரு முடி இறக்கிக்கொள்ளுங்கள். முறுக்காணியை முறுக்கி இரண்டு கட்டை ஏற்றப் பார்த்தால் தந்தி அறுந்துவிடும்.

மேல் ஃப்ரெட்டுகளின் கோளாறு பிரிட்ஜால் வருகிறது. பாஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை. தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. ஒரு முறை எல்லாத் தந்தியையும் சேர்த்துத் தளர்த்தியிருந்தால் நகர்ந்திருக்கும். முதல் தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே விரலை வெறுமனே தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தின சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை வாற்பக்கம் நகர்த்துங்கள், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஒரு நூலுக்குள் சரியாகிவிடும். இரண்டு ஓரத் தந்திகளிலும் பார்த்துவிட்டு, பிரிட்ஜின் காலடியில் பென்சிலால் குறித்துவிடுங்கள். இனித் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இரண்டாம் தந்தி பி. ஜி–க்கு அது காந்தாரம். கொயர் மாஸ்டருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். டியூனர் காட்டுவதைவிட ஒரு இழை இறக்கி வையுங்கள், திறந்த கார்டு இனிக்கும்.

கேள்வி: பழைய காஸ்பல் பாட்டுகளை எங்கள் குழு பதிவு செய்து வெளியிட அனுமதி வாங்க வேண்டுமா? (வாசகி, சென்னை)

பாட்டுக்குப் பாட்டு பார்க்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. முதல் கேள்வியில் சொன்ன 1907 கீர்த்தனையை எடுத்துக்கொண்டால், ஹேபர்ஷன் 1918இலும் கேப்ரியல் 1932இலும் காலமானார்கள். அந்தச் சொல்லையும் மெட்டையும் யாரும் எடுக்கலாம். ஆனால் நீங்கள் ஆல்பத்தில் கேட்டது கார்ட்டர் வடிவம். அது 1935இன் படைப்பு. அமெரிக்காவில் அந்தக் காலப் படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை நீடிக்க முடியும். இணையத்தில் ஏற்றினால் அமெரிக்காவிலும் கேட்பார்கள் என்பதால் இந்தக் கணக்கையும் பார்த்தாக வேண்டும். பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து 1907 வடிவத்தை எடுத்து, குரல் அடுக்கை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அமைத்த அடுக்கை அப்படியே பாடினால் அந்த அமைப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். ‘டிரெடிஷனல்’ என்று தட்டின் உறையில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் அச்சான ஆண்டு மூன்றையும் பாட்டுக்கு ஒரு வரியாக எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஸ்டுடியோவுக்கு நாள் குறியுங்கள்.